கதம்ப சூப்பர்ஹீரோ இதழுக்கு விமர்சனம் எழுதுவது எப்படி?

வெவ்வேறு நாயகர்களின் நான்கு கதைகள் கதம்பமாக உள்ள ஒரு காமிக்ஸ் இதழைக் கொடுத்து விமர்சனம் எழுதச் சொன்னால், புதியவர்கள் பெரும்பாலும் ஒரே அச்சில்தான் எழுதுகிறார்கள். முதல் கதையின் சுருக்கம், 'ஓவியம் அருமை'. இரண்டாம் கதையின் சுருக்கம், 'ஓவியம் சுமார்'. மூன்று, நான்கு என்று போய், கடைசியில் பத்துக்கு ஆறரை. படித்து முடித்தவருக்கு நான்கு கதையிலும் என்ன நடந்தது என்று தெரிந்துவிடும். அந்த இதழை வாங்கலாமா என்பது மட்டும் தெரியாது.

இந்தத் தப்புகளில் பாதியை நானே செய்திருக்கிறேன். மீதியை நண்பர்கள் எழுதிக் காட்டும் வரைவுகளில் பார்க்கிறேன். நடையில் வரும் கோளாறு குறைவுதான். படிப்பது, குறிப்பெடுப்பது, எழுதுவது ஆகியவற்றின் வரிசை குழம்புவதால் வருவதே அதிகம். அதனால் வரிசையைத்தான் இங்கே விரிவாகச் சொல்லப்போகிறேன்.

உதாரணத்துக்கு 'மார்வெல் காமிக்ஸ் பிரசென்ட்ஸ்' தொடரை எடுத்துக்கொள்கிறேன். 1988 முதல் 1995 வரை, இரண்டு வாரத்துக்கு ஒன்றாக 175 இதழ்கள் வந்தன. இதழுக்கு நான்கு கதை, கதைக்கு எட்டுப் பக்கம். பழகிக்கொள்ள இதைவிடச் சுத்தமான அளவு கிடையாது. நடுநடுவே இன்னொரு அமெரிக்கப் பதிப்பகமான டிசியின் 'பேட்மேன்: பிளாக் அண்ட் ஒயிட்' (1996, நான்கு இதழ்கள்) வரும்.

1. கையில் இருப்பது எந்த வடிவம் என்று பாருங்கள்

தனி இதழா, தொகுப்பா, டிஜிட்டலா? குறிப்பேட்டில் முதல் வரியாக இதை எழுதுங்கள்.

வுல்வரின் நாயகனாக வரும் 'வெப்பன் எக்ஸ்' கதை அந்த மார்வெல் தொடரின் 72 முதல் 84 வரையிலான இதழ்களில், 1991இல், பதின்மூன்று துண்டுகளாக வந்தது. இன்று அதைப் பலரும் தொகுப்பாகத்தான் படிக்கிறார்கள். தொகுப்பைப் படித்துவிட்டு '75ஆம் இதழ் விமர்சனம்' என்று தலைப்பு வைக்க முடியாது. அந்த இதழில் இருந்த மற்ற மூன்று கதைகளை நீங்கள் பார்த்திருக்கவே மாட்டீர்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. துண்டு துண்டாக வந்த கதையைச் சேர்த்துப் படித்தால், ஒவ்வொரு எட்டுப் பக்கத்துக்கும் ஒருமுறை முன்கதை திரும்ப வரும், ஒருமுறை ஆபத்து வந்து நிற்கும். தொகுப்பில் அது சலிப்பு. இரண்டு வாரம் காத்திருந்து வாங்கியவருக்கு அது தேவை. நம்மில் பலர் இதை இரும்புக்கை மாயாவியிடமே அனுபவித்திருக்கிறோம். 1972இல் முத்து காமிக்ஸ் அவரை முழுப் புத்தகமாகக் கொண்டுவந்தது. இங்கிலாந்திலோ அவர் 'வேலியண்ட்' என்ற வார இதழில், மற்றத் தொடர்களுக்கு நடுவே வாரத்துக்குச் சில பக்கமாக வந்தவர். சில பக்கத்துக்கு ஒருமுறை மாயாவி ஏன் சிக்கலில் மாட்டுகிறார் என்று சின்ன வயதில் யோசித்திருந்தால், விடை அதுதான்.

டிஜிட்டலில் படிப்பவர்கள் கட்டம் கட்டமாக நகரும் வசதியை அணைத்துவிடுங்கள். முழுப் பக்கம் கண்ணில் படாமல் பக்க அமைப்பைப் பற்றி எழுத முடியாது. பழைய இதழ்களின் டிஜிட்டல் பிரதியில் வாசகர் கடிதம், விளம்பரம் எல்லாம் இல்லாமல் போயிருக்கலாம், வண்ணத்தை மாற்றியிருக்கவும் கூடும். 'வண்ணம் கண்ணைப் பறிக்கிறது' என்று எழுதும் முன் இதை யோசியுங்கள்.

அட்டையில் உள்ள மாதத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். அமெரிக்க இதழ்கள் கடைக்கு வந்ததற்குச் சில வாரமோ, ஓரிரு மாதமோ தள்ளித்தான் அட்டையில் தேதி போட்டார்கள். 'செப்டம்பரில் வெளியானது' என்பதைவிட 'செப்டம்பர் தேதியிட்ட இதழ்' என்று எழுதினால் வம்பில்லை.

2. முதல் வாசிப்பில் பேனாவைத் தொடாதீர்கள்

அட்டை முதல் அட்டை வரை ஒரே மூச்சில் படியுங்கள். பிடித்த நாயகனின் கதைக்கு நேராகத் தாவாதீர்கள். பதிப்பாசிரியர் யோசித்து வைத்த வரிசை அது. முதல் கதையின் சூடு இரண்டாவதில் தணிகிறதா, எங்கே புரட்டும் வேகம் கூடுகிறது என்பதெல்லாம் முதல் தடவை மட்டும்தான் தெரியும். இரண்டாம் வாசிப்பில் அந்த உணர்வு திரும்பி வராது.

முடித்தவுடன் புத்தகத்தை மூடிவிட்டு இரண்டே கேள்விகள்: எந்தக் கதை மனசில் நிற்கிறது? எதை மறந்துவிட்டீர்கள்? மறந்ததையும் எழுதி வையுங்கள். நான்கு கதை படித்த ஐந்தாவது நிமிடத்தில் ஒன்று நினைவுக்கே வரவில்லை என்றால், அதுவே உங்கள் விமர்சனத்தின் ஒரு வரி.

3. கதைக்கு ஒரு வரி வீதம் பட்டியல் போடுங்கள்

யார் எழுதியது, யார் வரைந்தது, எத்தனை பக்கம், முழுக்கதையா தொடரா, தொடர் என்றால் எத்தனையில் எத்தனையாவது. அவ்வளவுதான். மார்வெல் தொடரின் முதல் இதழுக்கு இப்படி வரும்:

வுல்வரின்: கிறிஸ் கிளேர்மான்ட், ஜான் புஸீமா. பத்தில் ஒன்று.
மேன்-திங்: ஸ்டீவ் கெர்பர், டாம் சட்டன். பன்னிரண்டில் ஒன்று.
ஷாங்-சீ: டக் மென்ச், டாம் கிரின்ட்பர்க். எட்டில் ஒன்று.
சில்வர் சர்ஃபர்: ஆல் மில்க்ரம். இதே இதழில் முடிகிறது.

பார்த்தவுடனே ஒரு விஷயம் தெரிகிறதா? நான்கில் மூன்று கதைகள் தொங்கி நிற்கின்றன, ஒவ்வொன்றும் வெவ்வேறு இதழில் முடியப்போகிறது. வாசகனை அடுத்த இதழுக்கு இழுக்கும் ஏற்பாடு அது. ஒரு தொடர் முடியும்போது வேறொன்று பாதியில் இருக்கும், விடுபட்டுப் போக மனசு வராது. கதைச்சுருக்கம் எழுதிக்கொண்டிருந்தால் இது கண்ணில் படவே படாது.

விவரங்களை ஒவ்வொரு கதையின் முதல் பக்கத்திலிருந்தே எடுங்கள். அங்கே தெளிவில்லை என்றால் 'கிராண்ட் காமிக்ஸ் டேட்டாபேஸ்' தளத்தில் இதழ் வாரியாகப் பார்க்கலாம். அட்டையில் உள்ள பெயரை வைத்து உள்ளே வரைந்தவரை முடிவு செய்யாதீர்கள். அட்டை ஓவியரும் உள்ளே வரைந்தவரும் ஒருவராக இருக்க வேண்டியதில்லை. இந்தத் தொடரின் பிற்கால இதழ்களில் இரண்டு பக்கமும் அட்டை இருக்கும், புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பினால் இன்னொரு முகப்பு. அப்படிப்பட்ட இதழில் எந்தக் கதை எந்தப் பக்கம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

4. ஒவ்வொரு கதைக்கும் என்ன வேலை என்று முடிவு செய்யுங்கள்

அதிகம் பேர் வழுக்கி விழும் இடம் இது.

தொடரின் நான்காம் அத்தியாயத்தைப் படித்துவிட்டு 'கதையில் முழுமை இல்லை' என்று எழுதுவது, சீரியலின் செவ்வாய்க்கிழமை எபிசோடைப் பார்த்துவிட்டு முடிவே இல்லை என்று கோபப்படுவது மாதிரி. நான் அப்படி எழுதியிருக்கிறேன். அத்தியாய எண் முதல் பக்கத்திலேயே அச்சாகி இருந்தது. நான்தான் பார்க்கவில்லை.

முதல் அத்தியாயத்தின் வேலை ஆளையும் இடத்தையும் காட்டி, ஒரு கேள்வியை விட்டுப்போவது. நடு அத்தியாயத்தின் வேலை, முந்தைய இதழ் கிடைக்காதவனும் பின்தொடரும்படி இரண்டு கட்டத்தில் முன்கதை சொல்லி, எதையாவது ஒன்றை மாற்றிக் காட்டுவது. கடைசி அத்தியாயம், கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னதா என்று மட்டும் பாருங்கள். முழுக்கதை என்றால் எல்லாமே அந்த எட்டுப் பக்கத்துக்குள் நடந்தாக வேண்டும்.

நடு அத்தியாயங்களுக்கு என்னிடம் ஒரு சோதனை உண்டு. இந்த எட்டுப் பக்கத்தை அப்படியே கிழித்து எடுத்துவிட்டால் அடுத்த அத்தியாயம் புரியாமல் போகுமா? புரியும் என்றால் இது இடத்தை அடைக்க வந்த அத்தியாயம், தயங்காமல் சொல்லலாம். பிளாக் பேந்தர் தன் தாயைத் தேடி, நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவுக்குப் போகும் கதை இதே மார்வெல் தொடரில் 13 முதல் 37 வரை இருபத்தைந்து இதழ்களில் வந்தது. டான் மெக்ரெகர் எழுத்து, ஜீன் கோலன் ஓவியம். இரண்டு வாரத்துக்கு எட்டுப் பக்கம் என்றால் ஏறக்குறைய ஒரு வருடம். அவ்வளவு நீளத்தில் எந்த அத்தியாயம் நகர்கிறது, எது நின்ற இடத்திலேயே நிற்கிறது என்று சொல்வதற்குத்தான் இதழ் விமர்சகர் தேவை. தொகுப்புக்கு எழுதுபவர் 'கொஞ்சம் இழுவை' என்று ஒரே வரியில் கடந்துவிடுவார்.

5. எட்டுப் பக்கக் கணக்கு

இரண்டாம் வாசிப்பு கதை கதையாக. இப்போது பேனா எடுக்கலாம்.

பக்கத்துக்கு ஐந்தாறு கட்டம் என்று வைத்தால் எட்டுப் பக்கத்துக்கு நாற்பது முதல் ஐம்பது கட்டம். கதாசிரியரிடம் இருக்கும் காசு அவ்வளவுதான், அதை எங்கே செலவழித்தார் என்று எண்ணுங்கள். உண்மையாகவே விரல் வைத்து எண்ணுங்கள். முன்கதைக்கு எத்தனை, சண்டைக்கு எத்தனை, யாராவது ஒருவர் முகத்துக்கு எத்தனை? எட்டுப் பக்கத்தில் ஒரு முழுப் பக்கப் படம் என்பது எட்டில் ஒரு பங்கு. அதற்கு ஈடாக ஏதாவது கிடைத்ததா?

'பேட்மேன்: பிளாக் அண்ட் ஒயிட்' இதைக் கற்றுக்கொள்ள நல்ல இடம், அங்கேயும் கதைக்கு எட்டுப் பக்கம்தான். முதல் இதழில் டெட் மெக்கீவரின் கதையில் பேட்மேன் பிணவறையில், யாரென்று தெரியாத ஒரு பெண்ணின் உடலை ஆராய்கிறார். ஓர் இடம், ஓர் உடல், ஒரு கேள்வி. எட்டுப் பக்கத்துக்குள் அடங்கும்படி கதையையே சிறிதாக்கிக்கொண்டார். அதே இதழில் புரூஸ் டிம் நேரெதிராகப் போகிறார். பாதி முகம் சிதைந்த வில்லன் ஹார்வி டென்டின் முகம் குணமாவது, காதல், இரட்டைச் சகோதரிகள் என்று ஒரு முழுநீளப் படத்துக்கான சரக்கு. அதை டென்டின் வாயாலேயே சொல்லவைத்துக் காலத்தைத் தாண்டிப் போகிறார். இரண்டுமே எட்டுப் பக்கத்துக்குச் சரியான வழிகள். தோற்கும் கதைகள் பெரும்பாலும் ஒரு முழு இதழுக்கான இருபத்திரண்டு பக்கக் கதையை நசுக்கி உள்ளே திணித்தவை. கடைசிப் பக்கத்தில் எழுத்துப் பெட்டிகள் நெருக்கியடித்து நிற்கும், வில்லன் ஒரே கட்டத்தில் பிடிபடுவான். அந்த இரண்டு அடையாளம் போதும்.

அளவு மாறினால் அளவுகோலும் மாற வேண்டும். டிசி 2009இல் வெளியிட்ட 'வெனஸ்டே காமிக்ஸ்' பன்னிரண்டு வார இதழ்கள். ஒவ்வொன்றிலும் பதினைந்து தொடர்கள், செய்தித்தாள் மாதிரி விரியும் தாளில் தொடருக்கு வாரம் ஒரே பக்கம். அங்கே எட்டுப் பக்கக் கணக்கைப் போட்டால் எல்லாமே தோல்வி போலத்தான் தெரியும்.

பக்கம் திருப்பும் இடத்தையும் பாருங்கள். அச்சிதழில் வலது பக்கத்தின் கடைசிக் கட்டம் முக்கியம். ஆச்சரியம் அடுத்த பக்கத்தில் ஒளிந்திருக்கும், திருப்பினால்தான் தெரியும். ஆச்சரியத்தைத் திருப்பத் தேவையில்லாத எதிர்ப்பக்கத்தில் வைத்துவிட்டால் கண் முன்னாலேயே போய்ப் பார்த்துவிடும். விளம்பரம் நடுவில் வந்தால் இது குலையும், அது ஓவியரின் தப்பு இல்லை.

6. ஓவியத்தில் யார் எதைச் செய்தார்கள்?

'ஓவியம் அருமை' என்பதை வரைவில் எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். எந்தப் பக்கம், எந்தக் கட்டம், என்ன செய்கிறது?

அமெரிக்க முறையில் பென்சிலில் வரைபவர் ஒருவர், மேலே மை போடுபவர் இன்னொருவர், வண்ணம் வேறொருவர், பேச்சுக் குமிழியில் எழுதுபவர் வேறொருவர். மார்வெல் தொடரின் முதல் இதழில் வந்த வுல்வரின் கதையைப் பற்றி எழுதியபோது, அந்தக் கனத்த நிழலையும் கரடுமுரடான கோட்டையும் புஸீமாவின் கணக்கில் வைத்து ஒரு முழுப் பத்தி புகழ்ந்துவிட்டேன். மை போட்டவர் கிளாஸ் ஜான்சன் என்பதை ஒரு நண்பர் காட்டியதும் முகம் சுருங்கிப்போனது. உருவங்களின் நிற்பும் பக்க அமைப்பும் பென்சில்காரருடையது, கோட்டின் தடிப்பும் நிழலின் இறுக்கமும் பெரும்பாலும் மை போட்டவருடையது என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். அப்புறமும் சந்தேகம் இருந்தால் 'இருவரும் சேர்ந்து' என்று எழுதுங்கள்.

ஒரே ஆள் எல்லாம் செய்யும் இடமும் உண்டு. 'வெப்பன் எக்ஸ்' எழுதி, வரைந்து, வண்ணமும் தீட்டியவர் பாரி விண்ட்சர்-ஸ்மித். அதில் நாயகன் ஏறத்தாழ பேசுவதே இல்லை. அவனைச் சோதனைப் பொருளாக வைத்திருப்பவர்கள்தான் பேசுகிறார்கள், அதுவும் பல கட்டங்களில் பேசுபவர் முகம் தெரியாமல், வண்ண வண்ணப் பெட்டிகளில். எந்த வண்ணம் யாருடைய குரல் என்பதைக் கொஞ்ச நேரத்தில் கண் கற்றுக்கொள்கிறது. எழுத்துப் பெட்டியும் ஓவியத்தின் பகுதிதான் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

மேன்-திங் மாதிரி பேச்சும் சிந்தனையும் இல்லாத நாயகன் வந்தால் கேள்வி மாறும். கதையை யார் சுமக்கிறார்கள், சுற்றி இருக்கும் மனிதர்களா, பெட்டியில் வரும் வர்ணனையா? வர்ணனைதான் என்றால், அதை மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் பாருங்கள். புரிகிறதா?

7. நான்கையும் சேர்த்து ஓர் இதழாகப் பாருங்கள்

கதம்பத்தில் மல்லிகை, கனகாம்பரம், மரு எல்லாம் தனித்தனியாக நன்றாக இருந்து, கட்டியவர் கை சரியில்லை என்றால் மாலை நிற்காது. இங்கே கட்டுபவர் பதிப்பாசிரியர். அதிகம் விற்கும் நாயகனை முன்னால் வைத்தாரா? இரண்டு இருண்ட கதைகளை அடுத்தடுத்து வைத்துவிட்டாரா? கடைசிக் கதை சுவை மாற்றமாக இருக்கிறதா, மிச்சம் மீதியா?

புகழ்பெற்ற கதை ஒன்று இருந்தால் மற்றதை விட்டுவிடும் பழக்கமும் உண்டு. 1962இன் 'அமேசிங் ஃபேன்டஸி' 15ஆம் இதழைப் பற்றி எழுதுபவர்கள் ஸ்பைடர்மேனின் 11 பக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதே இதழில் இன்னும் மூன்று குட்டிக் கதைகள் உண்டு, அவற்றுக்கும் ஓவியம் அதே ஸ்டீவ் டிட்கோதான். இதழை விமர்சிக்கிறேன் என்று சொன்னால் அவற்றையும் படித்தே ஆக வேண்டும்.

8. இப்போதுதான் எழுத வேண்டும்

இதழில் இருக்கும் வரிசையில் எழுதாதீர்கள். எதைச் சொன்னால் வாசகருக்கு முடிவெடுக்க உதவுமோ, அங்கே தொடங்குங்கள். நான்கு கதைக்கும் சம இடம் கொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஒன்றுக்கு ஐந்து பத்தி, இன்னொன்றுக்கு ஒரு வரி என்பது நியாயமான பங்கீடுதான்.

புதியவர் வரைவு இப்படித் தொடங்கும்: 'இந்த இதழில் நான்கு கதைகள் உள்ளன. முதல் கதை வுல்வரின். இதை எழுதியவர் கிறிஸ் கிளேர்மான்ட்...'

நான் இப்படித் தொடங்குவேன்: 'வுல்வரினுக்காக இந்த இதழை வாங்கினால் அடுத்த ஒன்பது இதழுக்கும் காசு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முழுசாக ஒரு கதை படித்த திருப்தி வேண்டும் என்றால், கடைசி எட்டுப் பக்கம் சில்வர் சர்ஃபர் மட்டும்தான்.' பட்டியலிலிருந்து வந்த இரண்டே வரிகள். கதையில் என்ன நடந்தது என்று இன்னும் சொல்லவே இல்லை, ஆனால் வாங்குபவருக்கு வேண்டியது வந்துவிட்டது.

கதைச்சுருக்கம் கதைக்கு மூன்று வரி, அதற்கு மேல் வேண்டாம். எட்டுப் பக்கக் கதையை ஒரு பக்கத்துக்குச் சுருக்கினால் மிச்சம் என்ன இருக்கும்? முழுக்கதையின் முடிவைத் தொடவே கூடாது. குட்டிக் கதையில் பெரும்பாலும் முடிவுதான் கதை. தொடர் அத்தியாயம் எங்கே நிற்கிறது என்பதைச் சொல்லலாம், முந்தைய இதழைத் தாண்டாதவரை. முடிவைச் சொல்லாமல் அதைப் பாராட்ட வழி தெரியவில்லை என்றால், அந்த முடிவு எந்தப் பக்கத்தில் விதைக்கப்பட்டது என்று எழுதுங்கள்.

படம் எடுத்துப் போடும்போது நீங்கள் பேசும் கட்டத்தை மட்டும் போடுங்கள். எட்டில் மூன்று பக்கத்தைப் போட்டுவிட்டால் அது விமர்சனம் என்ற பேரில் கதையையே கொடுப்பது.

9. மதிப்பெண்ணைக் கூட்டி வகுக்காதீர்கள்

9, 4, 4, 7 என்று நான்கு கதைக்குக் கொடுத்தால் சராசரி 6. 6, 6, 6, 6 கொடுத்த இதழுக்கும் அதே 6. முதல் இதழில் தேடி வாங்க வேண்டிய கதை ஒன்று இருக்கிறது, இரண்டாவதில் இல்லை. எண் அதை மறைத்துவிடுகிறது. கதைக்குத் தனித்தனியாகக் கொடுங்கள், இதழுக்கு எண் வேண்டாம். அந்த இடத்தில் 'யார் வாங்கலாம்' என்று ஒரு வாக்கியம் போதும்.

10. இதழ் இதழாகத் தொடர்ந்து எழுதுபவர்களுக்கு

பத்து இதழ் தாண்டியதும் அலுப்பு வரும், எல்லாக் கதையும் ஒன்று போலத் தெரியும். ஒரு நாளைக்கு ஓர் இதழுக்கு மேல் படிக்காதீர்கள். அடுத்தடுத்து ஐந்தாறு இதழைப் படித்தால், எந்த அத்தியாயம் எந்த இதழில் என்பது கலந்துவிடும். 38ஆம் இதழில் நடந்ததை 36ஆம் இதழின் விமர்சனத்தில் எழுதிவிட்டு மாட்டிக்கொள்வது அப்படித்தான்.

தொடர் ஒவ்வொன்றுக்கும் தனித் தாள் வைத்துக்கொள்ளுங்கள். இதழுக்கு ஒரு வரி: என்ன மாறியது, ஓவியர் மாறினாரா, மை போட்டவர் மாறினாரா. தொடர் முடியும் இதழில் அந்தத் தாளை எடுத்துப் படித்துவிட்டு எழுதுங்கள். முதல் அத்தியாயத்துக்கு நீங்கள் போட்ட தீர்ப்பு தப்பாகத் தெரிந்தால், பழைய விமர்சனத்தைத் திருத்தாதீர்கள். அன்று கையில் எட்டுப் பக்கம்தான் இருந்தது. புதியதில், 'முதல் அத்தியாயத்தில் நான் குறை சொன்ன அந்தப் பெண் பாத்திரம்தான் கடைசியில் கதையைத் தூக்கி நிறுத்துகிறது' என்று ஒரு வரி சேர்த்தால் ஆயிற்று.